பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றி நாவல் எழுத

வடசென்னை வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் "பர்மாவிலிருந்து வந்தோம்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதற்குள் இரண்டு கதை இருக்கிறது. நாவலைத் தொடங்கும் முன் எந்தக் கதை என்று முடிவு செய்யுங்கள். 1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கிளம்பி, காட்டையும் மலையையும் நடந்தே கடந்து தமு, இம்பால் வழியாக வந்தவர்கள் ஒரு சாரார். பர்மாவின் ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில், 1964ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டு 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்த பிறகு கப்பலேறி வந்தவர்கள் இன்னொரு சாரார். சில குடும்பங்கள் போர் முடிந்ததும் திரும்பிப் போய், மறுபடியும் இழந்து வந்தன. என்னைக் கேட்டால் அப்படி ஒரு குடும்பத்தைத்தான் எடுப்பேன்.

எழுதுகிற பலர் முக்கால் புத்தகத்தை அந்த நடையிலேயே செலவழித்துவிடுகிறார்கள். காலரா, மலேரியா, வழியில் செத்தவர்கள், எல்லாம் நடந்ததுதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு போதும். மீதியை வந்து சேர்ந்த பிறகுள்ள வாழ்க்கைக்குக் கொடுங்கள். ரங்கூனில் பிறந்த பத்து வயதுப் பெண்ணுக்கு மெட்ராஸ்தான் வெளிநாடு. அப்பா சொந்த மண்ணுக்கு வந்துவிட்டதாக நினைக்கும்போது அவள் ஊரையே இழந்து நிற்கிறாள். அதுவும் 1942 ஏப்ரலில் வந்தவள் என்றால், விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த செய்தி கேட்டு மெட்ராஸ்காரர்களே மூட்டை கட்டி ஓடிக்கொண்டிருந்த மாதம் அது.

அன்று குழந்தையாக நடந்து வந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது, அதனால் தள்ளிப்போடாமல் போய்ப் பேசுங்கள். "என்ன கஷ்டப்பட்டீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும். "மூட்டையில என்ன ஆயா இருந்துச்சு?", "வந்த அன்னிக்கு யார் வீட்ல சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். எனக்கு ஒரு ஆயா சொன்னது: அரிசியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், உப்பை யாரும் நினைக்கவில்லை, வழியில் ஒரு கை உப்புக்கு அவர் அம்மா கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாராம். இரண்டாவது தடவை போனபோதுதான் இதைச் சொன்னார், முதல் தடவை போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் தேதிகள். நினைவில் வருஷம் மாறும், அதனால் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மா பஜார் வந்தது 1969ல், 1965ல் உங்கள் பாத்திரம் அங்கே கடை போட முடியாது. 1957லேயே நயா பைசா வந்துவிட்டது, ஆனாலும் வாய் "நாலணா" என்றுதான் சொல்லும், அந்த இரண்டும் சேர்ந்தே வரட்டும். ஊர் மெட்ராஸ், அந்த ஊர் ரங்கூன். சென்னை, யாங்கோன் என்றெல்லாம் வேண்டாம்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் நில்லுங்கள். வறுத்த பூண்டு, புளித்தண்ணி, வாழைத்தண்டு சூப், நூடுல்ஸைக் கையாலேயே பிசைகிற வேகம், இதெல்லாம் நேரில் பார்த்தால்தான் எழுத வரும்.

பிரதி முடிந்ததும் பெயர்களை மாற்றுங்கள், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கதை கொடுத்த வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "இது வேண்டாம்பா" என்று அவர்கள் சொல்கிற பக்கம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.