ஐசியூ தாண்டி வந்த ட்ரான்ஸ்பிளான்ட் பேஷண்ட்டை வீட்ல பாத்துக்கறது எப்படி

ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் (ரத்தத்தை உண்டாக்கற செல்களை உடம்புல ஏத்தறது) முடிஞ்சு ஐசியூ வரைக்கும் போய் வந்தவங்க வீட்ல முதல்ல தெர்மாமீட்டர் இருக்கணும், 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே நடுராத்திரின்னாலும் ஹாஸ்பிட்டலுக்கு போன் பண்ணுங்க, பாராசிட்டமால் போட்டு காலைல பாப்போம்னு இருக்காதீங்க. டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கற மாத்திரை) போடறவங்களுக்கு, ரத்தத்துல அதோட அளவு பாக்கற லெவல் டெஸ்ட் அன்னிக்கு காலை மாத்திரை ரத்தம் குடுத்த பிறகுதான் (இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க).

படுத்தே கிடந்ததுல தசை கரைஞ்சிருக்கும், நாற்காலில இருந்து எந்திரிச்சு உக்கார்றதுல ஆரம்பிச்சு பிசியோ சொல்றபடி மெதுவா கூட்டுங்க. கெட்ட கனவு, ஐசியூல நடக்காதத நடந்ததா சொல்றதெல்லாம் சகஜம்தான், கிண்டல் பண்ணாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. வேற ஒருத்தர் செல் வாங்கினவங்களுக்கு தோல் தடிப்பு, வாய்ப்புண், கண் வறட்சி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா ஜிவிஹெச்டியா (வாங்கின செல் நம்ம உடம்பையே தாக்கறது) இருக்கலாம், உடனே காட்டணும். சின்ன வயசு தடுப்பூசிகள்ல டாக்டர் சொல்றதை அவர் சொல்ற நேரத்துல திரும்ப போடணும், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) மாதிரி உயிருள்ள கிருமி இருக்கற தடுப்பூசி 2 வருஷத்துக்கு முன்னாடி கூடாது.