கரு தங்கியது தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டீர்களா?

"நாள் தள்ளிப்போனதே தெரியல சிஸ்டர், படம் எடுத்துட்டேன். கலைச்சிடணுமா?" எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதற்றத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, கிரீஸ் நாட்டில் ஆசைப்பட்டுச் சுமந்த கருக்களில் சுமார் 2,500 பயத்தினாலேயே கலைக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த கதிர்வீச்சோ மிகச் சொற்பம்.

முதலில், எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று பாருங்கள். பல், கை, கால், தலை, மார்பு என்றால் கவலை வேண்டாம். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்கு 0.01 மில்லிகிரேகூடப் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) போகாது. வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன் என்றால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதுவும் ஒருமுறை எடுத்தால் பொதுவாக 50 மில்லிகிரேயைத் தாண்டாது. மூளை வளர்ச்சி பாதித்ததாக 100 மில்லிகிரேக்குக் கீழே காணப்படவில்லை. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

அடுத்தது வாரக்கணக்கு. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது வயிற்றிலிருந்த சுமார் 1,600 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 30 பேருக்கு அறிவு வளர்ச்சி கடுமையாகக் குன்றியிருந்தது. பெரும்பாலோர் கரு தரித்த 8 முதல் 15 வாரத்துக்குள் கதிர்வீச்சு பட்டவர்கள். மூளையின் உள்ளே பிறக்கும் நரம்பணுக்கள் மேற்பரப்புக்கு நகர்ந்துபோகும் காலம் அது. 16 முதல் 25 வாரம்வரை பாதிப்பு குறைவு. 8 வாரத்துக்கு முன்னும் 25 வாரத்துக்குப் பின்னும் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் உங்கள் டாக்டர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார். ஆகவே இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்: 10 முதல் 17.

சி.டி. எடுத்திருந்தால் தேதி, எடுத்த பகுதி, எத்தனை முறை, மெஷின் பதிவு செய்த கதிர்வீச்சு அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் இருப்பார். கருவுக்கு எவ்வளவு போனது என்று அவரால் கணக்கிட முடியும்.

தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டிருந்தால் விஷயமே வேறு. ஏறத்தாழ 12 வாரத்திலிருந்து குழந்தையின் தைராய்டே அதை இழுத்துக்கொள்ளும். அந்தச் சுரப்பி அழிந்தால் மூளை வளர்ச்சியும் கெடும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காசநோய் சந்தேகம் என்று டாக்டர் மார்பு எக்ஸ்ரே கேட்டால், கர்ப்பம் என்பதற்காக மறுக்காதீர்கள். கவனிக்காமல் விட்ட நோய் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வாட்டும்.