ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் ஒரே ஆயிலில் ஓடும் டிரக்: பிரித்து மாட்டுவதும் ஏர் எடுப்பதும்

பிரேக்கை மிதித்தால் கட்டையை மிதித்த மாதிரி இருக்கிறது, அதே வாரத்தில் ஸ்டீயரிங்கும் கனத்துவிட்டது என்றால் இரண்டையும் இரண்டு கோளாறாக நினைத்துத் தேடாதீர்கள். ஹைட்ராலிக் பூஸ்டர் (ஆயில் அழுத்தத்தால் கால் மிதிப்புக்குப் பலம் கூட்டும் கருவி) உள்ள டிரக்கில் இந்த இரண்டுக்கும் தெம்பு வருவது ஒரே பம்பிலிருந்து, ஒரே ஆயிலிலிருந்து. அதனால் எதைப் பிரித்தாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பிரித்து மாட்டுவதைப் பலரும் ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள், கடைசியில் ஏர் எடுக்கும் இடத்தில் அவசரப்பட்டுப் புதுப் பம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய வட்டத் தகர டிரம் மாதிரி ஒன்று இருந்தால் அது வேக்குவம் பூஸ்டர். அதற்குப் பதிலாகக் கனமான சின்ன வார்ப்பு உடலும், அதில் மூன்று ஆயில் லைனும், பக்கத்தில் குப்பி போல ஓர் அக்குமுலேட்டரும் இருந்தால் அது ஹைட்ராலிக் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜினின் இன்டேக்கில் கிடைக்கும் வெற்றிடம் டீசல் இன்ஜினில் கிடைக்காது. அதனால் டீசலுக்குத் தனி வேக்குவம் பம்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தையே பிரேக்குக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1970களில் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹைட்ரோ பூஸ்ட் இந்த இரண்டாவது வகை. ஃபோர்டு, ஜிஎம் டீசல் பிக்கப்களில் இதை நிறையப் பார்க்கலாம். முழு ஏர் பிரேக் வண்டிகளின் பிரேக்குக்கு இங்கே சொல்வது பொருந்தாது.

ஆயில் போகும் வழி மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பம்பிலிருந்து அழுத்தத்தோடு கிளம்பும் ஆயில் முதலில் பூஸ்டருக்குள் போகிறது, அங்கிருந்து ஸ்டீயரிங் பாக்ஸுக்கு, அப்புறம் ரிட்டன் லைன் வழியாக ஆயில் டப்பாவுக்கு. பூஸ்டரிலிருந்தும் டப்பாவுக்குத் தனியாக ஒரு ரிட்டன் ஹோஸ் வரும். இன்ஜின் நின்றுபோனாலோ பெல்ட் அறுந்தாலோ பிரேக் உடனே செத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அக்குமுலேட்டர். அதில் தேங்கியிருக்கும் அழுத்தம் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கப் போதும். அதற்கப்புறமும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுக்க முழுக்கக் கால் பலத்தில்தான்.

எது கெட்டிருக்கிறது?

பெடல் சொல்லும் சேதியைக் கேளுங்கள். பெடல் கட்டையாக இருந்தால் பம்பு, பெல்ட், பூஸ்டர் பக்கம் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் லைனுக்குள் ஏர் இருக்கிறது, பூஸ்டரைக் குறை சொல்ல வேண்டாம். மிதித்தபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ எங்காவது லீக்கோதான் காரணம். காலை எடுத்த பிறகும் பெடல் சோம்பலாக மேலே வருகிறது, அல்லது மிதிக்காமலே பிரேக் பிடிக்கிறது என்றால், பூஸ்டரைக் கழற்றுவதற்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு, ரிட்டன் ஹோஸ் எங்காவது நசுங்கியோ மடங்கியோ கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திரும்பிப் போக வழியில்லாத ஆயில் பூஸ்டருக்குள்ளேயே அழுத்தம் சேர்த்துவிடும். ஒரு ஹோஸை நேராக்கினாலே தீர்ந்துபோகும் கோளாறுக்காகப் பூஸ்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் நன்றாக இறுகும் வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். அப்புறம் மிதமாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு உங்கள் காலை லேசாக மேலே தள்ள வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பூஸ்டருக்கு அழுத்தம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் அதைப் பயன்படுத்தவில்லை. அக்குமுலேட்டரைச் சோதிக்க, இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்து, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் பிடித்து, விட்டுவிட்டு இன்ஜினை அணையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் முதல் இரண்டு மூன்று மிதி லேசாக இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டை என்றால் அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை.

லீக்கைத் தேடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இந்த லைன்களில் அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போகும். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் கண்ணுக்கே தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவவே கூடாது. ஓர் அட்டைத் துண்டை ஹோஸுக்கு ஓரமாகப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள், ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேரே அட்டையில் மெல்லிய ஈரக்கோடு விழும். அப்படி ஆயில் தோலுக்குள் போய்விட்டால் காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காத்திருந்தால் விரலே போய்விடும்.

மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அதைத் துணியில் தொட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் ஆயில் என்றால் பூஸ்டரின் சீல் போயிருக்கிறது. பிரேக் ஆயில் என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போயிருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றாமல் புதுப் பூஸ்டர் மாட்டினால் கொஞ்ச நாளில் அதன் சீலும் கெட்டுவிடும். ஏனென்றால் இந்த இரண்டு ஆயிலும் ஒன்றுக்கொன்று விஷம். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ஸ்டீயரிங் பக்க ரப்பரைக் கெடுக்கும். ஸ்டீயரிங் ஆயிலோ ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோ ஒரு சொட்டு பிரேக் டப்பாவுக்குள் விழுந்தாலும் அங்கிருக்கும் ரப்பரெல்லாம் உப்பிப் போகும், அப்புறம் மாஸ்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை மாற்ற வேண்டியிருக்கும். புனலைக்கூட இரண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். ஸ்டீயரிங் பக்கம் எந்த ஆயில் என்பதை டப்பா மூடியிலும் வண்டி மேனுவலிலும் பார்த்து அதையே ஊற்றுங்கள்.

கழற்றுவது

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அக்குமுலேட்டரின் அழுத்தத்தை இறக்க வேண்டும். இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை முழுக்க மிதித்து மிதித்து விடுங்கள். நான் 20 முறை எண்ணி மிதிப்பேன். அதற்கு முன்பே பெடல் கட்டையாகிவிடும், இருந்தாலும் எண்ணிக்கையை முடிப்பேன். அக்குமுலேட்டரைத் தனியாகப் பிரிக்கவோ, சூடுபடுத்தவோ, துளை போடவோ கூடாது. பலவற்றில் உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும், ஸ்பிரிங் வகையும் உண்டு, இரண்டுமே ஆளைக் காயப்படுத்தும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, பிரேக் பைப்புகளைப் பிரிக்காமலே அதை முன்னால் இழுத்து ஓரமாக வையுங்கள். பைப் மடங்காமல் இருக்கக் கம்பியால் தாங்கிக் கட்டிக்கொள்ளலாம். பைப்பைத் திறக்கவில்லை என்றால் பிரேக் லைனில் ஏர் எடுக்கும் வேலை மிச்சம். அப்புறம் பூஸ்டரின் இரண்டு பிரஷர் லைன், ஒரு ரிட்டன் ஹோஸ். பிரஷர் லைன் நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரில் திருகினால் முனை மழுங்கிவிடும், பைப் நட்டுக்கென்று இருக்கும் ஸ்பேனரையே போடுங்கள். எந்த லைன் எங்கே என்று டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள், இடம் மாறிவிட்டால் கதை கெட்டுப்போகும். திறந்த வாய்களைச் சுத்தமான மூடியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், உள்ளே இருக்கும் வால்வைக் கீறிவிடும்.

டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யும் வேலைதான் உடம்பை முறிக்கும். பெடல் கம்பியின் கிளிப், பிரேக் லைட் சுவிட்ச், நான்கு நட்டு, அவ்வளவுதான். புதியதை மாட்டும்போது லைன் முனைகளில் பழைய ஓரிங் எனும் ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். பிரேக் லைட் சுவிட்ச் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, பெடலைத் தொட்டதும் பின் விளக்கு எரிகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) இறுக்குங்கள்.

பழைய ஆயில் கறுத்துக் கருகல் வாசனை அடித்தாலோ அதில் உலோகத் துகள் மின்னினாலோ புதுப் பொருளை அந்த ஆயிலோடு சேர்க்காதீர்கள். டப்பாவில் ரிட்டன் ஹோஸைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு, ஹோஸ் முனையை ஒரு வாளியில் விட்டு, மேலே புது ஆயில் ஊற்ற ஊற்றப் பழையதைத் தள்ளி வெளியேற்றுங்கள். பூஸ்டரின் ரிட்டனுக்கும் இதே மாதிரிதான். பம்பு மாற்றுகிறீர்கள் என்றால் புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டாம், ஏற்றுவதற்கென்று இருக்கும் புல்லி இன்ஸ்டாலரைப் பயன்படுத்துங்கள். தட்டினால் உள்ளே பம்பு அடிபடும்.

ஏர் எடுப்பது

நான் முதன்முதலில் பூஸ்டர் மாற்றியபோது டப்பாவை நிரப்பிவிட்டு நேரே ஸ்டார்ட் செய்தேன். பம்பு ஊளையிட்டது, ஒரு நிமிடத்துக்குள் டப்பாவில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கி வழிந்தது. ஏர் போகட்டும் என்று இன்னும் வேகமாக ஸ்டீயரிங்கை ஒடித்தேன், நுரை கூடியதே தவிரக் குறையவில்லை. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்தேன். காலையில் நுரை அடங்கி ஆயில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. பெரிய குமிழி தானாக மேலே வந்து வெளியேறிவிடும், பம்பு ஒருமுறை அதை அடித்து ஆயிலோடு கலந்து நுரையாக்கிவிட்டால் அப்புறம் அது லேசில் பிரியாது. அதனால் பெரும்பாலான ஏரை இன்ஜின் ஓடாமலேயே வெளியேற்றிவிட வேண்டும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் வையுங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். டப்பாவை நிரப்பி மூடியைத் திறந்தே வைத்து, இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக ஒடியுங்கள், ஒரு 20 முறை. கூட ஓர் ஆள் இருந்தால் டப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஒடிப்புக்கும் ரிட்டன் வாயிலிருந்து குமிழிகள் கொத்தாக வரும், பிறகு ஒன்றிரண்டாகும், பிறகு ஆயில் மட்டும் அசையும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருமுறை டப்பா வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் டீசல் வரத்தைத் தடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடிகள் சுற்றுங்கள். நிறுத்தி, மட்டம் பார்த்து, ஸ்டார்ட்டர் ஆறியதும் இன்னொரு முறை. இப்போதுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஐடிலிங்கில் மட்டும், ஆக்சிலேட்டரைத் தொடாமல். ஸ்டீயரிங்கை இரண்டு முறை மெதுவாக இரு பக்கமும் ஒடியுங்கள், கடைசியில் முட்டவிட்டுப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முட்டிய நிலையில் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் கடகடவென்று சூடாகிவிடும். இன்ஜினை அணையுங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்து அக்குமுலேட்டரில் இருப்பதை இறக்குங்கள், பூஸ்டருக்குள் சிக்கிய ஏர் வெளியே வருவது இந்த மிதியில்தான். ஸ்டீயரிங்கை மட்டும் ஒடித்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அப்புறம் பெடல் அதிர்கிறது என்கிறார்கள். மட்டம் பார்த்து ஊற்றி, மறுபடி ஸ்டார்ட், மறுபடி இரண்டு ஒடிப்பு, அணைப்பு, மிதிப்பு.

நுரை தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள், நுரை முழுக்க அடங்கிய பிறகு தொடருங்கள். எத்தனை முறை செய்தும் சத்தம் போகவில்லை என்றால் டப்பா வாய்க்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பு வழியாகக் கை வேக்குவம் பம்பு மாட்டி, 20 அங்குல பாதரச அளவுக்கு இழுத்து ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். வேக்குவம் நிற்காமல் இறங்கினால் முதலில் ரப்பர் அடைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் எங்கோ ஒரு ரிட்டன் கிளாம்ப்போ ஓரிங்கோ பம்பு சீலோ காற்றை உறிஞ்சுகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் ஏர் எடுத்துப் பயனில்லை.

பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் லேசாக ஒரு 'ஸ்ஸ்' சத்தம் வருவது இந்தப் பூஸ்டரின் இயல்பு, அதற்காகக் கழற்ற வேண்டாம். ஓயாத ஊளை இருக்கக் கூடாது. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது மட்டும் ஏதாவது ஒன்று கனத்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், அப்புறம் பம்பை.

சாலைக்குப் போகும் முன் வண்டி நின்ற இடத்தில் அந்தப் பெடல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்த்து, அதன் பிறகு வேகம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு லைன் முனையையும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஏறினால் அந்த நட்டை மறுபடி இறுக்கி அழுத்தாமல், அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறந்து ஓரிங்கைப் பாருங்கள்.