நீதிமன்றத்தில் எந்த வாசல்? வழிகாட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி நீதிமன்றத்துக்கு வருபவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். எந்த வாசலால் உள்ளே போவது என்பதாவது தெரிய வேண்டாமா?

வன்னியின் நீதிமன்றங்களில் வழிகாட்ட நினைப்பவர்கள் முதலில் கைவிட வேண்டியது, பெயர்ப்பலகையோடு வேலை முடிந்தது என்ற எண்ணத்தை. ‘மாவட்ட நீதிமன்றம்’, ‘நீதவான் நீதிமன்றம்’ என்பவை உள்ளே இருப்பவர்களுக்கான பெயர்கள். வருபவர் தன் பிரச்சினையின் பெயரைத்தான் அறிவார். கணவனிடம் தாபரிப்புப் பணம் கேட்கும் பெண் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதே பெண் விவாகரத்துக் கேட்டால் மாவட்ட நீதிமன்றம். காணித் தகராறு இன்னும் சிக்கலானது. உரித்து யாருடையது என்பதை மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும். கைகலப்பு வரும் என்று பொலிஸார் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அறிக்கையிட்டால் விடயம் நீதவான் முன்னால் போகும். ஒரே வேலி, இரண்டு வாசல்! ஆகவே பலகையில் ‘தாபரிப்பு, பொலிஸ் வழக்குகள்’, ‘விவாகரத்து, காணி உரித்து’ என்றே எழுதி அம்புக்குறி போடுங்கள். இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். வாசலில் வழி சொல்ல ஆள் இல்லாவிட்டால் தரகர் சொல்வார், சும்மா அல்ல.

அன்றைய வழக்குப் பட்டியலைப் பொடி எழுத்தில் அச்சிட்டு ஒரே கதவில் ஒட்டுவது அடுத்த தவறு. பத்துப் பேர் முண்டியடிக்கும் இடத்தில் கண்ணாடி மறந்து வந்த முதியவர் என்ன செய்வார்? மரநிழலில் நிற்பவருக்கு உள்ளே பெயர் கூப்பிடுவதும் கேட்பதில்லை. எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, இது வெறும் அசௌகரியம் அல்ல. கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் பிடியாணை பிறக்கலாம். பட்டியலைப் பெரிய எழுத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒட்டி, வெளியே ஒரு ஒலிபெருக்கி வைத்தால் போதும்.

போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் சாய்தளத்தைப் பின்பக்கத்தில் கட்டுவதும், அதன் படலையைப் பூட்டி வைப்பதும் பொறுக்க முடியாதவை. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இல்லாத சாய்தளம் சக்கர நாற்காலிக்கு உதவாது. மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் பயன்படும்.

கைத்தொலைபேசியை எங்கே ஒப்படைப்பது என்பதை மண்டப வாசலில் அல்ல, வெளிப் படலையிலேயே எழுதுங்கள். அலுவலகம் இடம் மாறினால் பழைய பலகையை அன்றைக்கே கழற்றுங்கள்.