சிஸ்டர்ஸ் ஸ்கூலில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

காரைக்குடிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சிஸ்டர்ஸ் ஸ்கூலில் 29 வருஷம் டீச்சராக இருந்தேன். முதலில் சின்ன வகுப்புகள், அப்புறம் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை. ஓய்வு பெற்று தேவகோட்டைக்கு வந்த பிறகும், சாயங்காலம் யாராவது பிராக்ரஸ் கார்டோடு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டீச்சர், பிள்ளை இங்கிலீஷ் மீடியம். எங்களுக்கு இங்கிலீஷ் வராது. நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளையைச் சொல்ல வைத்துக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் தங்கச்சியின் மகன் அப்போது ஐந்தாவது. 'கண்டென்சேஷன்' என்றால் என்ன என்று கேட்டால், இங்கிலீஷில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். "அப்படின்னா என்னடா?" என்று அம்மா கேட்டபோது வாயே திறக்கவில்லை. நான் அந்தத் தங்கச்சியிடம் சொன்னது ஒன்றுதான்: நாளைக்கு இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்து. மூடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரைக் காட்டி, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேள். அவன் கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துவிட்டு, "கீழே கொதிக்கிற தண்ணி ஆவியாகி மேலே வந்து, மூடி கொஞ்சம் ஆறியிருக்கிறதால மறுபடி தண்ணியாயிருச்சு" என்றானாம். அன்றைக்குத்தான் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அவனுக்குப் பொருள் கிடைத்தது.

தினமும் கால் மணி நேரம் போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிடித்து உட்கார வைக்காதீர்கள். ஏதாவது சாப்பிட்டு விளையாடிவிட்டு வரட்டும். அப்புறம் ஏதாவது ஒரு நோட்டைத் திறந்து, "இன்னைக்கு நடந்ததை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். புள்ளி எங்கே விழுகிறது என்று தெரிந்தால் போதும்.

அடுத்தது நோட்டு பார்ப்பது. கிளாஸ்வொர்க் நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் போர்டைப் பார்த்து எழுதியது. உண்மை டெஸ்ட் நோட்டில் இருக்கிறது. அதில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 5002இலிருந்து 1867ஐக் கழிக்கச் சொன்னால் 4865 என்று எழுதும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். விடை 3135. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கும். இது கவனக்குறைவு இல்லை, கடன் வாங்குவது புரியவில்லை. பேப்பரை வெட்டி ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று எழுதி, ஆயிரத்தைச் சில்லறை மாற்றச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் சரியாகிவிடும்.

இதை விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை ஃபெயில் ஆக்குவதில்லை. அது நல்லதுதான், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மூன்றாவதில் விட்ட கழித்தல், யார் கண்ணிலும் படாமல் பிள்ளையோடேயே எட்டாவது வரை வந்துவிடும். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பரப்பளவும் சுற்றளவும் குழம்பாத பிள்ளை கிடையாது. நம் ஊரில் அதற்கு விடை காலடியிலேயே இருக்கிறது. ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்க்கும் குடும்பத்துப் பெண் குழந்தையை, அந்த வீட்டிலேயே ஆத்தங்குடிக் கல் பதித்த அறையில் உட்கார வைத்தேன். நீளத்தில் 14 கல், அகலத்தில் 9 கல். எண்ணாமல் மொத்தம் சொல்லு என்றேன். 126 என்றாள். அது பரப்பளவு. சுற்றளவு எத்தனை கல் நீளம் என்றதும், பதினாலும் ஒன்பதும் கூட்டி, இரண்டு மடங்காக்கி 46 என்றாள். அப்புறம் ஓரத்தில் வேறு நிறத்தில் ஓடும் பார்டர் கற்களை நடந்து எண்ணினாள். 42தான் வந்தது. மறுபடி எண்ணினாள், அதே 42. "நாலு கல் எங்கே டீச்சர்?" என்று அறையையே சுற்றி வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூலையில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவினாள். "மூலைக் கல்லுக்கு ரெண்டு பக்கம் சுவர்!" என்று கத்தினாள். என் 29 வருஷத்தில் இதைவிட நல்ல கணக்கு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை. உங்கள் வீட்டில் சாதாரண டைல்ஸ் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

தமிழை விட்டுவிடாதீர்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் 'கேட்டான்' என்பதைக் 'கெட்டான்' என்று எழுதிவிட்டு வரும். அப்போது வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லுங்கள். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். பழைய முறையில் குறில் எகரத்துக்கு மேலே புள்ளி வைப்பார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள், அதனால் குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழப்பம் தீர, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போட்டவர் அவர். கதையைச் சொல்லிவிட்டு, எட்டு–ஏட்டு, கொடு–கோடு, செர்–சேர் என்று வாயால் இழுத்துச் சொல்ல வைத்து எழுத வையுங்கள். அதில் 'செர்' என்று ஒரு சொல்லே இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பள்ளியில் ஓரியூருக்குக் கூட்டிப்போனால், வந்த அன்றே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 1693இல் அருளானந்தர் என்ற பாதிரியார் உயிர் விட்ட இடம், செம்மண் பூமி. பார்த்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதும் பிள்ளைக்குக் கட்டுரைக்கு நோட்ஸ் தேவைப்படாது.

மற்ற மதத்துப் பெற்றோர் ஜெப வகுப்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், தயங்காமல் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். நான் வேலை பார்த்த பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்கிற மத வகுப்பு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. சேர்க்கும்போதே பேசிவிடுங்கள்.

ஆறாவதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அதுவரை அநேகமாக ஒரே கிளாஸ் டீச்சர். இப்போது பாடத்துக்கு ஒருவர், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. முதல் பருவத்தில் மார்க் இறங்கினால் பதறாதீர்கள். டைரியைப் பிள்ளையே எழுதுகிறதா, மறுநாளுக்கான புத்தகத்தைப் பிள்ளையே எடுத்து வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது டெஸ்ட் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "என் பிள்ளை எப்படிப் படிக்குது?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்" என்றுதான் பதில் வரும், எங்களுக்கும் நேரம் இருக்காது. முப்பருவ முறையில் நடக்கும் பள்ளி என்றால், வகுப்பிலேயே செயல்பாடுகளையும் சின்ன டெஸ்ட்களையும் வைத்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நாற்பதில் 38 வாங்கி அறுபதில் 22 வாங்கினால், பிள்ளை செய்து காட்டுகிறது, எழுதத்தான் வரவில்லை என்று தெரியும். அப்புறம் நீங்கள் பென்சிலால் புள்ளி வைத்த பக்கத்தைத் திறந்து, "டீச்சர், இந்த இடம் இன்னொரு தடவை சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். அப்படிப் பக்கத்தைத் திறந்து காட்டிக் கேட்ட அம்மாவின் பிள்ளையை, மறுநாள் காலை முதல் வேலையாக நான் என் மேஜைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.