ஜப்பானியப் பாட்டு கேட்டு அழுவது எப்படி?

யூடியூபில் 'சோகமான ஜப்பானியப் பாடல்கள்' என்று தேடினால், மழை வழியும் ஜன்னல் படத்தோடு மூன்று மணி நேரத் தொகுப்பு ஒன்று வந்து நிற்கும். அதைத் தொடாதீர்கள், தூக்கம்தான் வரும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை ஜப்பானில் உண்மையிலேயே தேம்ப வைக்கிற பாட்டுகளில் பல சோகப் பாட்டே இல்லை. மேஜர் ஸ்கேலில் (மேற்கத்திய இசையில் மகிழ்ச்சியாக ஒலிக்கும் சுரவரிசை), நிமிர்ந்து நின்று, 'சரி, போய்ட்டு வர்றேன்' என்கிற தொனியில் பாடுகிறவை. அழாமல் இருக்கப் பாடுகிறவர் படும் பாடுதான் கேட்பவரைக் கவிழ்க்கிறது. 1961இல் சகமோட்டோ க்யூ பாடி, 1963இல் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்த 'உயே ஓ முய்தே அருக்கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணீர் கீழே விழக்கூடாது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறவனின் பாட்டு, நடுவில் ஜாலியாக விசில் வேறு. அதனால் சோகத்தைத் தேடிப் போகாதீர்கள். மார்ச் மாதத்தைத் தேடிப் போங்கள்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பதினைந்து வயதில் நடுநிலைப் பள்ளி முடிகிறது, கட்டாயக் கல்வியும் அதோடு முடிகிறது. அடுத்து மேல்நிலைப் பள்ளிக்குத் தனியாக நுழைவுத் தேர்வு எழுதி ஆளுக்கொரு திசையில் போக வேண்டும். அதாவது இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அடுத்த மாதம் வேறு சீருடையில், வேறு ரயிலில். (பிடித்த பையனின் சட்டைக்கோட்டில் இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கமெல்லாம் மார்ச்சில் வரும் பட்டமளிப்பு நாளுக்கானதுதான்.) இந்தப் பின்னணியை மனதில் போட்டுக்கொண்ட பிறகு பிளே பட்டனை அழுத்துங்கள்.

தொடங்க வேண்டிய பாட்டு 'தபிதச்சி நோ ஹி நி' (Tabidachi no hi ni), அதாவது 'கிளம்பும் நாளில்'. 1991இல் சைதாமா மாகாணத்தின் சிச்சிபு நகரில், ககெமோரி நடுநிலைப் பள்ளியில் பிறந்தது. இசை ஆசிரியை சகமோட்டோ ஹிரோமி, விடைபெறும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கோஜிமா நொபோருவிடம் வரிகள் எழுதச் சொல்லிக் கேட்டார். எனக்கு அதெல்லாம் வராது என்று மறுத்துவிட்ட மனிதர், மறுநாள் எழுதிக் கொண்டுவந்து ஆசிரியையின் மேஜையில் வைத்துவிட்டார். ஆசிரியர்கள் ரகசியமாகப் பயிற்சி எடுத்து, பிள்ளைகள் முன்னால் நின்று பாடினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. இன்று நாடு முழுக்கப் பட்டமளிப்பில் பாடுகிறார்கள். கோஜிமா அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள், அவரும்தானே கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோவில் பதிவான சுத்தமான வடிவம் வேண்டாம். பாட்டின் பெயரோடு 'கஷ்ஷோ' (gassho), அதாவது சேர்ந்திசை, என்று சேர்த்து ரோமன் எழுத்தில் தேடினால் பள்ளி வடிவங்கள் வரும். உடற்பயிற்சிக் கூடத்து மேடை, நெஞ்சில் காகிதப்பூ, கையசைத்து நடத்துகிறவரும் மாணவர், பியானோவில் இருப்பவரும் பெரும்பாலும் மாணவர். பையன்களுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கும் வயது என்பதால், நடுநிலைப் பள்ளிகளில் பொதுவாக சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண் குரல் என்று மூன்றாகத்தான் பிரிப்பார்கள். கடைசிப் பகுதியில் ஒரு குழு தொடங்க, இன்னொரு குழு பின்னாலேயே வாங்கிப் பாடும். அந்த இடத்தில் காதைக் கூர்மையாக்குங்கள். ஒருத்திக்குத் தொண்டை அடைத்து வாய் மட்டும் அசையும், பக்கத்தில் நிற்கிறவள் கொஞ்சம் சத்தமாகப் பாடி ஈடுகட்டுவாள். தனிப் பாடகர் யாரும் இதைச் செய்துகாட்ட முடியாது.

அடுத்தது பாடகி ஆஞ்செலா அகியின் 'தெகாமி' (கடிதம்), 2008. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் தேசியப் பள்ளி இசைப் போட்டியில் அந்த ஆண்டு நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்கான கட்டாயப் பாடல் இது. பதின்வயதில் எதிர்காலத் தனக்கே அவர் எழுதிய கடிதத்தை, முப்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா அனுப்பிவைத்தார். அதிலிருந்து வந்த பாட்டு. முதல் பாதியில் பதினைந்து வயது கேட்கிறது, அடுத்து பெரியவரான அதே ஆள் பதில் எழுதுகிறார். அந்தப் பதிலில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்கிற பூச்சு இல்லை. எனக்கும் இன்னும் தூக்கம் வராத இரவுகள் உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். பதினைந்து வயதுக்காரர்கள் அழுவது அங்கேதான். என்னைக் கேட்டால் முப்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் மோசம்.

மொழிபெயர்ப்பைக் கடைசியில் படியுங்கள். முதல் தடவை வெறும் காதால், அப்புறம் அர்த்தம். கித்தார் வாசிப்பவராக இருந்தால் ஒரு சோதனை: எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர் என்று சுற்றிச் சுற்றி அடியுங்கள். ஜப்பானியர்கள் இதை 'ராஜபாட்டை' என்றே சொல்கிறார்கள், எண்ணற்ற ஜே-பாப் (ஜப்பானிய பாப்) பாட்டுகளின் பல்லவி இதில்தான் ஓடுகிறது. பாட்டு வந்து அமர வேண்டிய வீடு சி மேஜர். இந்தச் சுற்று வாசல்வரை போய் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். அந்த ஏக்கம்தான் வேலை செய்கிறது. கடைசிப் பல்லவிக்கு முன் வாத்தியங்கள் சட்டென்று அடங்கி, குரல் மட்டும் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். பல பாட்டுகளில் அதற்கடுத்து சுருதி ஒரு படி ஏறும், அப்போது தப்பிப்பது கஷ்டம்.

கேட்டால் போதாது, பாடவும் வேண்டும் என்றால் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் குறில் நெடில் பல நேரம் தொலைந்துபோகும், நமக்கு எ, ஏ, ஒ, ஓ எல்லாம் தயாராக இருக்கின்றன. க, த, ப எங்கே அழுத்தமில்லாமல் g, d, b என்று ஒலிக்கிறதோ அங்கே மட்டும் அடிக்கோடு போட்டால் போதும். ஒரே சிக்கல், நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. 'சன்பொ' என்றால் ச, ன், பொ என்று மூன்று தட்டு. இதை விட்டால் எவ்வளவு உருகிப் பாடினாலும் தாளம் முந்திக்கொண்டே இருக்கும்.

பழக எளிது ரெமியோரோமென் குழுவின் 'சங்கட்சு கொக்கொனொக்கா'. பெயரே மார்ச் 9தான். நண்பரின் திருமணத்துக்காக எழுதிய பாட்டு, 2004இல் வெளிவந்தது. மறு ஆண்டு, நோயுற்ற பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் வகுப்புத் தோழர்கள் இதைப் பாடினார்கள்; கல்யாணப் பாட்டு பட்டமளிப்புப் பாட்டாகிவிட்டது.

அனிமே வழியாக வருகிறவர்களுக்கு ஸோன் குழுவின் 'சீக்ரெட் பேஸ்'. 2001இல் வந்தது, பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் சந்திப்போம் என்கிற பாட்டு. சரியாக 2011இல் 'அனோஹனா' அனிமே இதை முடிவுப் பாட்டாக எடுத்துக்கொண்டது. அந்தக் கதை நடப்பதும் அதே சிச்சிபுவில்தான். தொடரை முழுசாகப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், தனியாகக் கேட்டால் பாதிதான்.

வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குக் காட்டுவதாக இருந்தால் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் அழாது.