தானு, டான்யூப், அனாஹிதா: நீர்த்தெய்வப் பெயர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் டான்யூப், கருங்கடலுக்கு வடக்கே ஓடும் டான், நீப்பர், நீஸ்டர் ஆகிய ஆறுகளின் பெயர்களுக்கும் ரிக் வேதத்தில் வரும் தானு என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான் என்ற தகவல் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட தகவல் இது. ஆனால் சொல்கிறவர்கள் அத்தோடு நிறுத்துவதில்லை. "அயர்லாந்திலும் டானு என்ற தாய்த்தெய்வம் உண்டு. ஆகவே ஆதியில் எல்லோரும் ஒரே நீரன்னையைத்தான் கும்பிட்டார்கள், ஆறுகளுக்கெல்லாம் அவள் பெயரைத்தான் வைத்தார்கள்" என்று அடுத்த வரியிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். முதல் வரிக்கு இருக்கும் ஆதாரம் இரண்டாவது வரிக்குக் கிடையாது.

சமஸ்கிருதம் முதல் ஐரிஷ் வரை ஒரே குடும்பத்து மொழிகளையும் அவற்றின் தெய்வங்களையும் ஒப்பிடும் இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் எனக்கு மிகவும் பிடித்த துறை. காஷ்மீருக்கு மேற்கே ஒரு சொல்லையும் ஐரிஷ் கடலோரத்தில் அதன் உறவையும் பார்க்கும்போது உண்டாகும் சிலிர்ப்பு உண்மையானது. அதனால்தான் அவசர முடிச்சுகளைப் பார்த்தால் மனம் ஒப்புவதில்லை. இந்தத் துறையில் மூன்று இழைகள் உண்டு: பெயர், தெய்வம், கதை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். ஓர் இழைக்குக் கிடைத்த சான்றை மற்ற இரண்டுக்கும் செலவழிப்பதுதான் இங்கே நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

காதை நம்புவது

முதல் தவறு இதுதான், தமிழர்கள் அதிகம் விழும் குழியும் இதுதான். இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு 'நெரோ' என்று பெயர். நம் 'நீர்' போலவே ஒலிக்கிறது. உடனே தமிழ்-கிரேக்க உறவு என்று பதிவு போட்டுவிடுகிறார்கள். பழங்கிரேக்கத்தில் தண்ணீருக்குச் சொல் 'ஹூதோர்'. புதிதாக மொண்ட தண்ணீரை 'நேயரோன் ஹூதோர்', அதாவது புது நீர், என்றார்கள். காலப்போக்கில் பின்சொல் உதிர்ந்து, 'புதிது' என்ற அடைமொழியே சுருங்கித் தண்ணீருக்குப் பெயராகிவிட்டது. ஆக நெரோவின் அடியில் தண்ணீர் என்ற பொருளே இல்லை. ஒலி ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

இதே வகையில் இன்னொன்று: பஞ்சாப் என்ற பெயரில் உள்ள 'ஆப்' பாரசீகத்தில் தண்ணீர், ஐந்து ஆறுகளின் நாடு. குலாப் என்பதிலும் அதே 'ஆப்' உண்டு, முதலில் பன்னீரைக் குறித்த சொல் அது. ஆனால் 'ஷராப்' என்பதிலும் அதே தண்ணீர்தான் என்று நினைத்தால் தவறு. அது குடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது, அரபு வேறு குடும்பம். லத்தீனின் 'தேயுஸ்', கிரேக்கத்தின் 'தெயோஸ்' இரண்டுக்கும் கடவுள் என்றே பொருள், ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் வேறு. அப்படியும் அவை உறவில்லாத சொற்கள். தேயுஸுக்கு உறவு சமஸ்கிருதத்தின் தேவ. தெயோஸ் வேறு வேர்.

மறுபக்கம், காதுக்குத் துளியும் ஒட்டாத சொற்கள் உடன்பிறப்புகளாக இருக்கும். சமஸ்கிருத 'உதன்', ஆங்கில 'வாட்டர்', ரஷ்ய 'வோதா', ஐரிஷ் 'இஷ்கே' எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. வோட்கா அந்த வோதாவின் செல்லப் பெயர். விஸ்கி அந்த இஷ்கேயிலிருந்து வந்தது. நீர்நாய்க்கு சமஸ்கிருதத்தில் 'உத்ர', ஆங்கிலத்தில் 'ஆட்டர்', கிரேக்கத்தில் நீர்ப்பாம்புக்கு 'ஹூத்ரா'. இவையும் அந்தக் கூட்டம்தான்.

பிறகு எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒலி மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சமஸ்கிருதத்தில் சொல்லின் முதலில் 'ஸ' வரும் இடத்தில், பழைய ஈரானின் ஜரதுஷ்டிர சமயப் புனித நூலான அவெஸ்தாவின் மொழியில் 'ஹ' வரும். ஸப்த என்றால் ஹப்த. ஸிந்து என்றால் ஹிந்து. ஸோம என்றால் ஹஓம. ஒரு சொல்லில் மட்டும் அப்படி இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. பத்துச் சொல், இருபது சொல் என்று அதே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அது விதி. இந்த விதியைக் கொண்டு பார்த்தால் சரஸ்வதி அவெஸ்தாவில் 'ஹரஹ்வைதி' என்று வர வேண்டும். அப்படியே வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தானுவை ஊதிப் பெரிதாக்குவது

சரி, தானுவுக்கு வருவோம். ரிக் வேதத்தில் தானு யார்? நீரைச் சிறைப்பிடித்த விருத்திரனின் தாய். முதல் மண்டலத்தின் 32ஆம் பாடலில் இந்திரன் விருத்திரனைக் கொல்கிறான், தாயையும் வீழ்த்துகிறான். மேலே தாயும் கீழே மகனுமாக, கன்றோடு கிடக்கும் பசுவைப்போல் தானு கிடந்தாள் என்கிறது பாட்டு. அவளுடைய வழிவந்தவர்கள்தான் தானவர். கம்பனில் அரக்கரோடும் அவுணரோடும் சேர்ந்து வரும் அதே தானவர். வேதத்தில் அவளுக்குத் துதி இல்லை, வேள்வியில் பங்கு இல்லை. தானு என்ற சொல்லுக்கு அங்கே துளி, சொட்டும் நீர் என்ற பொருளும் உண்டு என்பதால் நீரோடு தொடர்பு இருக்கிறது. ஆனால் "வேதகால நீர்த்தெய்வம் தானு, ஆதிக் கடலின் அன்னை" என்று எழுதுவது, இந்திரன் கொன்றவளைப் பிடித்து இந்திரனுக்கு மேலே உட்காரவைப்பதாகும்.

அயர்லாந்துப் பக்கம் நிலைமை இன்னும் மெல்லியது. அங்கே 'துவாத்த தே தனன்' என்ற தெய்வக் குலம் உண்டு. 'தனன்' என்பது வேற்றுமை ஏற்ற வடிவம். அதை வைத்து எழுவாய் வடிவம் 'டானு' என்று இருந்திருக்கும் என்று பிற்கால அறிஞர்கள் கட்டியெடுத்தார்கள். 900ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட கோர்மாக்கின் சொற்களஞ்சியம் அயர்லாந்துத் தேவர்களின் தாய் என்று 'அனு' என்பவளைத்தான் சொல்கிறது. கெரி பகுதியில் இரட்டைக் குன்றுகளுக்கு அவளுடைய முலைகள் என்றே பெயர். அவள் செழிப்பின் தெய்வம், ஆறும் இல்லை கடலும் இல்லை. வேல்ஸ் நாட்டு டோன் என்ற பெயரையும் நிலத்தைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து விளக்குபவர்கள் உண்டு.

அப்படியானால் ஆறுகள்? இங்கேதான் சான்று வலுவாக இருக்கிறது, அது சொல்லும் கதையும் வேறு. அவெஸ்தாவில் 'தானு' என்றால் ஆறு. சாதாரணப் பொதுப்பெயர். காகசஸ் மலைப்பகுதியில் இன்றும் பேசப்படும் ஈரானியக் கிளை மொழியான ஒசேத்தியத்தில் தண்ணீருக்கும் ஆற்றுக்கும் 'தோன்' என்றே பெயர், அங்குள்ள ஆறுகளின் பெயர்கள் ஆர்தோன், ஃபியாக்தோன் என்று முடியும். கருங்கடலின் வடக்கே வாழ்ந்த சித்தியரும் சர்மாத்தியரும் ஈரானிய மொழி பேசியவர்கள். அவர்கள் தங்கள் ஆற்றை 'ஆறு' என்றே அழைத்தார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் டானைத் 'தனாயிஸ்' என்கிறார். ஆனால் நீப்பரை 'போரிஸ்தெனஸ்' என்றும், நீஸ்டரைத் 'தூரஸ்' என்றும், டான்யூபை 'இஸ்த்ரோஸ்' என்றும் சொல்கிறார். 'தனப்ரிஸ்', 'தனஸ்த்ரிஸ்' என்ற வடிவங்கள் பல நூற்றாண்டுகள் கழித்தே ஏட்டில் தலைகாட்டுகின்றன. எந்த ஆற்றுப் பெயரையும் தீர்ப்பதற்குமுன் அதன் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுதான். ஸ்காட்லாந்திலும் டான் என்று ஓர் ஆறு உண்டு. அதன் பழைய பெயர் 'தேவோனா', தெய்வத்தைக் குறிக்கும் வேர். இன்றைய வடிவத்தை மட்டும் பார்த்தவர்கள் அதையும் தானுவின் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிறு விஷயம். மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கிய மூலவடிவங்களின் முன்னால் ஓர் உடுக்குறி (*) போடுவார்கள். எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்காத, கணித்தெடுத்த வடிவம் என்று அதற்குப் பொருள். பகிரப்படும் பதிவுகளில் முதலில் உதிர்வது அந்தக் குறிதான். அது போனதும் கணிப்பு தெய்வமாகிவிடுகிறது.

பெயரையும் தெய்வத்தையும் குழப்புவது

இதற்குச் சரஸ்வதியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஹரஹ்வைதி என்ற பெயர் அவெஸ்தாவில் இருக்கிறது, ஆனால் தெய்வமாக இல்லை. அதன் ஒரு பகுதியான வெந்திதாத் நூலின் நாடுகளின் பட்டியலில் ஒரு நாடாக வருகிறது. பாரசீக மன்னன் தாரியஸின் பெகிஸ்துன் கல்வெட்டில் 'ஹரௌவதி' என்று ஒரு மாகாணம். கிரேக்கர்கள் அதை அரகோசியா என்றார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் காந்தஹாரைச் சுற்றியுள்ள அர்கந்தாப் ஆற்றுப் படுகை அது. சரஸ்வதி என்ற பெயருக்கு உள்ள நீர்நிலைகள் நிறைந்தவள் என்ற பொருள் எந்த ஆற்றுக்கும் பொருந்தும். பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே ஆறு என்று சொல்லிவிட முடியாது. மக்கள் இடம்பெயர்ந்தபோது பெயரும் கூடவே போயிருக்கலாம்.

அப்படியானால் சரஸ்வதியைப் போன்ற ஈரானியத் தெய்வம் யார்? அரெத்வீ சூரா அனாஹிதா. அவெஸ்தாவின் ஐந்தாவது யஷ்த், அதாவது துதிப்பாடல், முழுக்க அவளுக்கானது. மலையிலிருந்து கடலுக்குப் பாயும் பேராறு, கருவைத் தூய்மையாக்குபவள், வீரர்களுக்கு வெற்றி தருபவள். சரஸ்வதித் துதிகளோடு வைத்துப் படித்தால் ஒற்றுமை கண்முன் நிற்கும். ஆனால் பெயர் ஒட்டவே ஒட்டாது, அனாஹிதா என்றால் மாசற்றவள். மூன்று சொல்லும் அடைமொழிகள்தான், அவளுடைய பழம்பெயர் ஹரஹ்வதியாக இருந்திருக்கலாம் என்று லோமல் என்ற ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். நல்ல வாதம்தான், ஆனாலும் வாதம். இதில் மெசபடோமியாவின் பெண்தெய்வம் இஷ்தாரின் சாயலும் சேர்ந்துகொண்டது. கி.மு. 404 முதல் ஆண்ட பாரசீக மன்னன் இரண்டாம் அர்தக்ஷஸ்தா தன் கல்வெட்டுகளில் அகுரமஸ்தா, மித்ராவுக்கு நடுவே அனாஹிதாவைச் சேர்க்கிறான். அரசவையில் அவள் இவ்வளவு உயர்ந்ததை ஆதி இந்தோ-ஐரோப்பியத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. பக்கத்து வீட்டிலிருந்தும் தெய்வங்கள் நிறைய வாங்கிக்கொள்கின்றன.

கதை ஒற்றுமையிலும் இதே கவனம் வேண்டும். வேதத்தில் 'அபாம் நபாத்', நீரின் பேரன், விறகில்லாமல் நீருக்குள் ஒளிர்பவன். அவெஸ்தாவிலும் அதே பெயர், அதே தெய்வம், கடலடியில் அரச ஒளியைக் காப்பவன். இது பெயரும் தெய்வமும் கைகோத்து நிற்கும் அபூர்வமான இடம். அங்கிருந்து பிரெஞ்சு ஒப்பியல் அறிஞர் ஜார்ஜ் துமேசில் ஒரு பெரிய தாவல் தாவினார். அயர்லாந்தில் நெக்தன் என்பவனின் கிணற்றை அவனும் அவனுடைய மூன்று பணியாளர்களும் மட்டுமே நெருங்கலாம். அவன் மனைவி போவன் தடையை மீறி அதை இடப்பக்கமாகச் சுற்றிவர, நீர் பொங்கி அவளைக் கடல்வரை துரத்தியது. அப்படிப் பிறந்ததுதான் பாய்ன் ஆறு. அவெஸ்தாவிலும் அந்த ஒளியைப் பிடிக்க முயன்றவனிடமிருந்து அது நழுவ, நீர் மூன்று முறை பொங்கி வழிகிறது. ரோமானியக் கடல் தெய்வம் நெப்டியூனையும் துமேசில் சேர்த்துக்கொண்டார். கதைகளின் ஒற்றுமை உண்மையிலேயே வியக்க வைக்கிறது. ஆனால் நெக்தன், நெப்டியூன் பெயர்களுக்கு வேறு விளக்கங்களும் வலுவாக உள்ளன: நெக்தனுக்குக் கழுவுதல், நெப்டியூனுக்கு ஈரம். கதையை ஏற்றுக்கொண்டு பெயரைச் சந்தேகிப்பதில் எந்த முரணும் இல்லை.

போவனின் பெயர் வெண்பசு என்று பொருள்படும். அதை வைத்துக் கோவிந்தனோடு இணைப்பதும் உண்டு. முன்பாதியான 'கோ' உறவுதான். பின்பாதியில் ஐரிஷில் வெண்மை, சமஸ்கிருதத்தில் தேடிக் கண்டடைதல். பசுவைக் கொண்டாடிய இரண்டு மக்கள் தனித்தனியே கட்டிய பெயர்கள் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

நீர் என்றாலே பெண், மூலம் என்றாலே சமஸ்கிருதம்

கிரேக்கத்தின் அகெலோஸ், ஸ்கமாந்தர், ரோமின் டைபர் ஆகிய ஆறுகள் எல்லாம் ஆண் தெய்வங்கள். கி.பி. 113இல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் டான்யூப் தாடிவைத்த கிழவனாக நீரிலிருந்து எழுந்து படைகளைப் பார்க்கிறான். நம் பிரம்மபுத்திராவும் ஆண்தான். அதேபோல நீர்த்தெய்வத்தின் பெயரில் நீர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றுத் தெய்வம் சூலிஸின் பெயரைக் கண்ணோடும் சூரியனோடும் இணைக்கிறார்கள். பிரான்ஸின் மார்ன் ஆறு 'மத்ரோனா', தாய்.

உறவு என்றதும் சமஸ்கிருதத்தைத் தாயாக்கிவிடுவது அடுத்தது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னதே, ஒருவேளை இன்று இல்லாத ஒரு பொதுமூலத்திலிருந்து சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் வந்திருக்க வேண்டும் என்பதுதான். 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி, இன்றைய துருக்கியில் வழங்கிய பழைய மொழியான ஹிட்டைட்டின் களிமண் பலகையில் 'வாதர்' என்ற சொல்லைப் படித்துத் தண்ணீர் என்று கண்டுகொண்டார். சமஸ்கிருத உதனைவிட ஆங்கில வாட்டருக்கே அது நெருக்கமாக ஒலிக்கிறது. தமிழ் இந்தக் குடும்பத்தில் சேராது. வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து ஆங்கில அதிகாரி எல்லிஸ் சென்னையிலிருந்து 1816லேயே அதைக் காட்டிவிட்டார். தானவர் என்பது தமிழுக்கு வந்த கடன். சமஸ்கிருத 'நீர' பெரும்பாலும் திராவிடத்திலிருந்து அங்கே போன கடன் என்றே கருதப்படுகிறது. கடன் வேறு, இரத்த உறவு வேறு.

இத்தனை கழித்தபின் எஞ்சுவது என்ன என்று கேட்டால், என் பதில் தானு இல்லை, 'ஆப:'. ஆதிமொழியில் தண்ணீருக்கு இரண்டு சொற்கள் இருந்தன என்று பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே கவனித்தார். ஒன்று குடத்தில் மொண்டு குடிக்கும் பொருள், இலக்கணத்தில் உயிரற்றவற்றுக்கான பால். வாட்டர், உதன் அந்த வழி. மற்றது ஓடுகிற, செயல்படுகிற, உயிருள்ள நீர். சமஸ்கிருத 'ஆப:' அந்த வழி, பெண்பால், பன்மை. ஹிட்டைட்டில் 'ஹபா' ஆறு, பால்டிக் கடலோரத்தில் வழங்கி மறைந்த பழம்பிரஷ்யன் மொழியில் 'அபே' ஆறு. ரிக் வேதம் அந்த நீர்களைத் தாய்மார்களே என்று கூப்பிடுகிறது, அவெஸ்தாவின் பழைய பகுதியான யஸ்ன 38 அவர்களை அகுரனின், அதாவது அகுரமஸ்தாவின், துணைவியர் என்று வணங்குகிறது. சந்தியாவந்தனத்தில் 'ஆபோ ஹி ஷ்டா மயோபுவ:' என்று நீர் தெளிக்கும்போது வருவது இந்தச் சொல்தான். ஈரான் நாட்காட்டியில் எட்டாவது மாதம் இன்றும் 'ஆபான்'. இங்கே பெயரும் தெய்வமும் வழிபாடும் ஒன்றாகவே நிற்கின்றன, உடுக்குறி தேவைப்படாத ஏடுகளில்.